டைகர் காரின் எஞ்சின் அறையில் இடம் கிடைத்த விதம்

பழைய கார் ஒன்றின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, வேறொரு காருக்காக உருவான எஞ்சினை அதற்குள் பொருத்தும் வேலையில், கூடுதல் குதிரைத்திறனைப் பெறுவதைவிட அதற்குரிய இடத்தைப் பெறுவதே கடினமானது. எஞ்சினின் நீள அகல உயரங்கள் காரின் எஞ்சின் அறைக்குள் அடங்கிவிட்டால் போதும் என்று தோன்றலாம்; ஆனால் ஓடும் எஞ்சின், தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளின் மேல் இருபுறமும் அசைகிறது, சுற்றியுள்ள பாகங்களைச் சூடாக்குகிறது, ஆயிலும் ஃபில்டரும் பிளக்கும் மாற்ற வேண்டிய நாளில் மெக்கானிக்கின் கையும் ஸ்பேனரும் நுழைய வழி கேட்கிறது. நின்றிருக்கும் எஞ்சினை அளந்து கிடைக்கும் கணக்கு இவற்றில் எதையும் சொல்வதில்லை.

இதை முழுமையாக விளக்கிக் காட்டும் கார், பிரிட்டனின் ரூட்ஸ் நிறுவனம் 1964இல் வெளியிட்ட சன்பீம் டைகர். ரூட்ஸ் ஏற்கெனவே தயாரித்துவந்த சன்பீம் ஆல்பைன், நான்கு சிலிண்டர்கள் கொண்ட 1.6 லிட்டர் எஞ்சினில் ஓடிய, அழகான, ஆனால் வேகம் போதாத, இருவர் அமரும் சிறிய கார். அமெரிக்க வாடிக்கையாளர்களை அது கவரவில்லை என்பதை உணர்ந்த அந்நிறுவனத்தின் மேற்குக் கடற்கரை மேலாளர் இயன் காரட், எந்த அமெரிக்க எஞ்சின் ஆல்பைனுக்குள் அடங்கும் என்பதை அறிய, தம் சர்வீஸ் மேலாளரிடம் ஒரு மர அளவுகோலைக் கொடுத்துக் கார் விற்பனைக் கூடங்களுக்கு அனுப்பினார். ஃபோர்டின் 260 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 4.3 லிட்டர் வி8 எஞ்சின் பொருந்தக்கூடும் என்று அந்தத் தேடலில் தெரியவந்தது. வி8 என்பது எட்டு சிலிண்டர்களை நான்கு நான்காக இரு வரிசைகளில், அடியில் இணைந்து மேலே விரியும்படி சாய்த்து அமைத்த எஞ்சின். அந்த அமைப்பினால், ஆல்பைனின் நான்கு சிலிண்டர் எஞ்சினைவிட அதன் நீளம் சுமார் 9 செ.மீ. மட்டுமே கூடியது, தொல்லை முழுவதும் அகலத்தில் வந்து சேர்ந்தது.

பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான கரோல் ஷெல்பியும், அவருடன் பணியாற்றிய கென் மைல்ஸும் 1963இல் தனித்தனியே ஆளுக்கொரு முன்மாதிரியை உருவாக்கினர். அகலத்தோடு முதலில் மோதியது ஸ்டீயரிங் அமைப்பு. ஆல்பைனில் இருந்தது, எஃகுக் குண்டுகள் உருளும் பெட்டியும் அதிலிருந்து சக்கரங்களுக்குச் செல்லும் பல இணைப்புக் கம்பிகளும் கொண்ட பழைய ஏற்பாடு. அதை அகற்றி, பற்கள் வெட்டிய ஒரே தண்டை ஒரு சிறு பற்சக்கரம் இடவலமாக நகர்த்தும் 'ரேக் அண்ட் பினியன்' முறையைப் பொருத்திய பிறகே வி8 உள்ளே இறங்க முடிந்தது. எஞ்சினின் அடிப்புறத்தில் இருந்த ஆயில் ஃபில்டர் மேலே வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. முன்பாரம் கூடிவிடாதிருக்க எஞ்சினை இயன்ற அளவு பின்னே தள்ளி வைத்ததால், எஞ்சின் அறையையும் பயணிகள் அமரும் பகுதியையும் பிரிக்கும் தடுப்புத் தகடு அடுத்த தடையாக நின்றது.

உற்பத்தியை ஏற்ற ஜென்சன் தொழிற்சாலையில் அந்தத் தடை நீங்கிய விதம் கார் வரலாற்றில் நிலைத்துவிட்டது: வண்ணம் பூசி வந்துசேர்ந்த உடல்களின் தடுப்புத் தகட்டைத் தொழிலாளர்கள் சம்மட்டியால் அடித்து ஒடுக்கி, எஞ்சினுக்கு வழிவிட்டனர். ஆல்பைனைப் போன்ற கார்களில் தனிச் சட்டகம் கிடையாது. உடல் தகடுகளே சுமையைத் தாங்குகின்றன. எங்கே, எவ்வளவு ஒடுக்கலாம் என்பதை முன்மாதிரிகளில் தீர்மானித்துக்கொண்ட ஒரு தொழிற்சாலையின் செயலை, வீட்டுக் கொட்டகையில் பழைய காரைப் புதுப்பிப்பவர் தமக்கான முன்னுதாரணமாகக் கொள்வது ஆபத்தானது. தகட்டை வெட்டியே ஆகவேண்டிய இடத்தில், வெட்டியதற்கு ஈடான வலுவுடன் புதிய தகட்டை வளைத்துப் பற்றவைப்பதே முறை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் அறைப் பக்கத்திலிருந்து கழற்ற முடியவில்லை. அதற்காகத் தடுப்புத் தகட்டில் துளையிட்டு ரப்பர் மூடியால் அடைத்து, காரின் உட்புறத்திலிருந்து ஸ்பேனரைச் செலுத்தும்படி செய்தனர். காற்று சுற்றிவர இடமில்லாத அந்த அறையில் வெப்பம் தேங்கி, மெதுவாக நகரும் போக்குவரத்தில் எஞ்சின் மிகைச்சூடாவது டைகரின் அறியப்பட்ட குணமாகவே ஆயிற்று. முடிவில் காரின் ஆயுளையே தீர்மானித்ததும் இந்த இடநெருக்கடிதான். ரூட்ஸைத் தன்வசப்படுத்திய கிரைஸ்லர், போட்டி நிறுவனமான ஃபோர்டின் எஞ்சினைத் தொடர்ந்து வாங்க விரும்பவில்லை. கிரைஸ்லரிடமிருந்த 273 கன அங்குல வி8 எஞ்சினிலோ, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், ஃபோர்டில் இருப்பதுபோல் முன்பக்கத்தில் அல்லாமல், தடுப்புத் தகட்டை ஒட்டிய பின்பக்கத்தில் இருந்தது. அதற்கு ஆல்பைனின் அறையில் இடமில்லை. 1967இல் டைகரின் உற்பத்தி நின்றது.

உயரத்தின் சிக்கலுக்கு எம்ஜிபி கார் நல்ல பாடம். 1970களின் தொடக்கத்தில் கார்களை மாற்றியமைத்துவந்த கென் காஸ்டெல்லோ அந்தக் காருக்குள் ரோவரின் 3.5 லிட்டர் அலுமினிய வி8 எஞ்சினைப் பொருத்தியபோது, கார்புரேட்டர்களை மூட பானட்டில் ஒரு புடைப்பு தேவைப்பட்டது. 1973இல் எம்ஜி நிறுவனமே அதே இணைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, காற்றும் பெட்ரோலும் செல்லும் குழாய்த்தொகுதியை மாற்றி வடிவமைத்து, இரு கார்புரேட்டர்களையும் எஞ்சினின் பின்பக்கத்தில் தாழ்வாக அமைத்தது. பழைய பானட்டே போதுமானதாயிற்று. இடிக்கும் தகட்டை மாற்றுவதற்கு முன் இடிக்கும் பாகத்தை நகர்த்த முடியுமா என்று பார்த்த இந்த அணுகுமுறையே மேலானது.

எஞ்சினைத் தாழ்த்தி உயரத்தைச் சமாளிக்க முயல்வோரை, முன்சக்கர அமைப்பைத் தாங்கும் குறுக்குச் சட்டம் தடுக்கிறது. ஆயில் தேங்கும் சம்ப்பின் ஆழமான பகுதி முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதைப் பொறுத்து, சட்டத்தைத் தொடாத வேறு சம்ப்பைத் தேட வேண்டியிருக்கும். அதை மாற்றும்போது ஆயிலை உறிஞ்சும் குழாயையும் ஆழமான பகுதிக்கு நகர்த்தாவிட்டால், பிரேக் பிடிக்கும்போதோ வளைவில் திரும்பும்போதோ ஆயில் விலகி, பேரிங்குகள் தேய்ந்துவிடும். எஞ்சினை உயர்த்துவதும் சாய்ப்பதும் கியர்பாக்ஸிலிருந்து பின்அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணத்தை மாற்றிவிடும். அதன் இரு முனைகளிலும் உள்ள இணைப்புகளின் கோணங்கள் ஏறத்தாழச் சமமாக இல்லையெனில், வேகம் கூடும்போது கார் முழுவதும் அதிரும்.

இதனால்தான் தேர்ந்த பணிமனைகளில், உள்ளே எதுவுமற்ற வெற்று எஞ்சினையோ அதன் பிளாஸ்டிக் மாதிரியையோ கியர்பாக்ஸுடன் இறக்கி, கோணங்களைச் சரிபார்த்த பிறகே மவுண்டுகளைப் பற்றவைக்கின்றனர். கார்புரேட்டரின் மேல் களிமண் உருண்டைகளை வைத்துப் பானட்டை மூடித் திறந்தால், நசுங்கிய மண்ணின் கனமே மிஞ்சிய இடைவெளியைக் காட்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் ஒருபுறம் எழும்புவதால், அந்தக் கனம் இரண்டு செ.மீ. அளவாவது இருப்பது நல்லது. ஸ்டீயரிங் தண்டுக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் இடையே விடும் இடைவெளியில் இன்னும் கண்டிப்பு தேவை. தண்டை இரு மூட்டுகளால் வளைத்து விலக்குவதும், குழாயைச் சக்கரப் பக்கத் தகட்டின் வழியே வெளியேற்றுவதும் இதற்கு உதவும். 1990களில் வந்த எம்ஜி ஆர்வி8 இரண்டாவது வழியைத்தான் பின்பற்றியது.