படம் சும்மா வரும், அச்சு சும்மா வராது

"கேட்டாக் கீறித் தருமாமே தம்பி, உண்மையா?"

கேட்டவர் மட்டக்களப்புப் பக்கம் கிரானில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ரீச்சர். பட்டியை விட்டுப் போன எருமைக் கன்றைத் தேடி ஒரு சிறுமி புலிபாய்ந்தகல் பக்கம் போகிற கதையொன்றை எழுதி வைத்திருக்கிறார். வெளிநாட்டிலிருக்கும் மருமகன் அந்தக் கதைக்குச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் படங்கள் செய்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எல்லாம் பளபளவென்று இருந்தன. ஒன்றில் மட்டும் சிறுமிக்குப் பின்னால் கேரளத்துப் படகுவீடு மிதந்தது. தேத்தண்ணி ஆறும்வரை அந்தப் படகுவீட்டைப் பற்றித்தான் பேசினோம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சொந்தக் காசில் புத்தகம் போடுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. எழுதினவரே அச்சகத்துக்குக் காசு கட்டுவார், முந்நூறு அல்லது ஐந்நூறு பிரதி அடிப்பார், மண்டபத்தில் தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை எல்லாம் நடக்கும், முதற்பிரதியை ஊரில் வசதியான ஒருவர் கடித உறையோடு வந்து வாங்குவார். மிச்சம் கட்டிலுக்குக் கீழே. ஈழத்து இலக்கியத்தில் ஒரு பெரும் பகுதி இப்படித்தான் வெளியே வந்தது. இதில் சிறுவர் புத்தகம் போட நினைத்தவர்களைத் தடுத்தது எப்போதும் படம்தான். கதை கையில் இருக்கும். கீறுவதற்கு ஆள் இருக்காது. அந்த இடத்தில்தான் இந்தச் செயலிகள் வந்து நிற்கின்றன.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் அம்மார் ரேஷி என்ற வடிவமைப்பாளர் ஒரு வார இறுதிக்குள் சிறுவர் புத்தகமொன்றைச் செய்து முடித்தார். 'அலிஸ் அண்ட் ஸ்பார்க்கிள்' என்று பெயர். கதைக்குச் சட்ஜிபிடி, படத்துக்கு மிட்ஜேர்னி. அமேசானில் விற்பனைக்கும் போட்டார். பாராட்டு ஒரு பக்கம் வந்தது. ஓவியர்களின் கோபம் அதைவிட வேகமாக வந்தது. எங்கள் படங்களைக் கேட்காமல் எடுத்துப் பழகிய இயந்திரம் எங்கள் பிழைப்பையே பறிக்கிறது என்றார்கள். படத்தின் உள்ளேயும் கோளாறு இருந்தது: விரல்கள் சரியில்லை, ஒரே பிள்ளையின் முகம் பக்கத்துக்குப் பக்கம் மாறியது. விரல் பிரச்சினை இன்றைக்கு அநேகமாகத் தீர்ந்துவிட்டது. கோபம் தீரவில்லை. 2023 ஜனவரியில் சாரா அன்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் என்ற மூன்று ஓவியர்கள் இப்படியான செயலிகளைச் செய்யும் நிறுவனங்கள் சிலவற்றின்மீது வழக்குப் போட்டார்கள். 2025 ஜூனில் டிஸ்னியும் யூனிவர்சலும் மிட்ஜேர்னிமேல் வழக்குப் போட்டன. பெரிய முதலாளிகளும் சின்ன ஓவியர்களும் ஒரே பக்கத்தில் நிற்பது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

"அது எப்படித்தான் கீறுது?" என்று ரீச்சர் கேட்டார்.

அன்ரனா விலகினால் பழைய தொலைக்காட்சியில் புள்ளி புள்ளியாகக் கொட்டுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தை எடுத்து அதன்மேல் அப்படிப் புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே போனால் கடைசியில் படம் மறைந்துபோகும். அந்தப் புள்ளிகளைப் படிப்படியாக நீக்கிப் படத்தை மீட்கும்படி இயந்திரத்தைப் பழக்குகிறார்கள். ஒவ்வொரு படத்தோடும் அதை விளக்கும் ஒரு வரியும் இருக்கும். இப்படிக் கோடிக்கணக்கான படங்களில் பழகிய பிறகு, வெறும் புள்ளிகளையும் ஒரு வரியையும் மட்டும் கொடுத்தால் போதும். அந்த வரிக்குப் பொருத்தமான படமொன்றை அது புள்ளிகளுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவரும். பழைய படங்களை வெட்டி ஒட்டுகிறது என்று சிலர் சொல்வது சரியல்ல. ஆனால் அதிகம் பார்த்ததைத்தான் அது நன்றாகக் கீறும்.

எதை அதிகம் பார்த்திருக்கிறது? 2022 ஓகஸ்ட்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃபியூஷன் என்ற படச் செயலி, லாயன்-5பி என்ற தொகுப்பிலிருந்து எடுத்த பகுதிகளில் பழகியது. இணையத்திலிருந்து திரட்டிய ஏறத்தாழ 585 கோடி படம்-வரிச் சோடிகள் அந்தத் தொகுப்பில் இருந்தன. 230 கோடிக்கு மேல் ஆங்கில வரிகள். நூற்றுக்கு மேற்பட்ட மற்ற மொழிகள் அனைத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ அதே அளவு. செயலி பழகியது பெரும்பாலும் ஆங்கிலப் பகுதியில். கிரானைப் படமெடுத்து ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி இணையத்தில் போட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆகவே வாவி என்று கேட்டால் ஆலப்புழை வருகிறது. பாடசாலைச் சிறுமி என்று கேட்டால் இந்தியாவின் நீலப் பாவாடை வருகிறது. எங்கள் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையும் கழுத்துப்பட்டியும் வருவதில்லை. எருமை என்றால் தாய்லாந்து வயலில் நிற்கும் எருமை, சில நேரம் ஆபிரிக்கக் காட்டெருமை. ரீச்சரின் கதையில் ஒரு பக்கத்தில் இரவுக் கூத்து வருகிறது. கூத்து என்று எழுதினால் கதகளி ஆடுபவர் வருவார், அல்லது சோழர் படத்தில் பார்த்த மாதிரி ஒரு ராசா வருவார். வடமோடிக் கூத்தில் அரசன் அணியும் கரப்புடுப்பு வராது. வட்டக் களரியைச் சுற்றிச் சனம் பாயில் இருந்து பார்ப்பதும் வராது. பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றித் தடித்த புத்தகமே எழுதியிருக்கிறார். இயந்திரத்துக்கு அது தெரிந்திருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இதைச் சின்ன விசயம் என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள். பிள்ளைகள்தானே, என்ன தெரியப்போகிறது என்பார்கள். பெரியவர் படத்தைத் தாண்டிப் போவார். ஆறு வயதுப் பிள்ளை படத்தில் வரும் எருமையின் கொம்பை எண்ணும். மாரி பெய்தால் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குப் போகிற பாதை வெள்ளத்துக்குள் போய்விடும், சனம் தோணியிலும் உழவு இயந்திரத்திலும் போய்வரும் என்பது இங்குள்ள பிள்ளைக்குத் தெரியும். கதையில் அந்த வெள்ளம் இருக்கிறது. படத்தில் சீமெந்துப் பாலமும் நீல வானமும் இருந்தால், பொய் சொல்வது கதையா படமா என்று பிள்ளை குழம்பும்.

இதற்கு வழி இல்லாமலில்லை. 'மட்டக்களப்புத் தோணி' என்று பெயர் சொல்லிக் கேட்பதை விட்டு, அதன் வடிவம், மரம், எத்தனை பேர் இருக்கலாம், எதால் தள்ளுகிறார்கள் என்று பொருளாகச் சொன்னால் கிட்ட வரும். அதைவிட நல்லது, போனில் நீங்களே எடுத்த படத்தை மாதிரியாகக் கொடுப்பது. சிறுமியின் முகம் மாறாமலிருக்க, முதலில் பிடித்த ஒரு படத்தைத் தெரிந்து, அடுத்த ஒவ்வொன்றுக்கும் அதையே மாதிரியாகக் கொடுக்க வேண்டும். ரீச்சர் தன் பழைய மாணவி ஒருத்தியின் படத்தை ஏற்றலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இலவசச் செயலிகளில் ஏற்றும் படம் பிறகு எதற்குப் பயன்படும் என்பது நம் கையில் இல்லை; அது வேறொருவருடைய பிள்ளை. உயிரோடிருக்கும் ஓவியர் ஒருவரின் பெயரைச் சொல்லி 'அவர் மாதிரி' என்று கேட்பதும் கூடாது. சட்டம் அதைப் பற்றி என்ன சொன்னாலும் அது மரியாதை கெட்ட வேலை.

"சரி, படம் ஆருக்குச் சொந்தம்? மருமகன் ரெண்டு வரி எழுதினவர்தானே?"

அமெரிக்காவில் கிரிஸ் கஷ்டனோவா என்பவர் மிட்ஜேர்னிப் படங்களோடு 'ஸார்யா ஒவ் த டோன்' என்ற சித்திரக்கதையைச் செய்து, 2022 செப்டெம்பரில் பதிப்புரிமைப் பதிவும் வாங்கினார். படங்கள் எப்படி வந்தன என்று தெரிந்ததும் பதிப்புரிமை அலுவலகம் திரும்பிப் பார்த்தது. 2023 பெப்ரவரியில் தீர்மானம் வந்தது: எழுத்து அவருடையது, படங்களைத் தெரிந்து அடுக்கிய ஒழுங்கும் அவருடையது, தனித்தனிப் படங்கள் அவருடையவை அல்ல. என்ன வரப்போகிறது என்று வரி எழுதுகிறவராலேயே முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது, கீறியவர் அவர் என்று எப்படிக் கொள்வது என்பதுதான் அவர்களின் காரணம்.

இலங்கையில் இதை ஆளுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். படைப்பை ஆக்கிய மனிதரைத்தான் அது ஆக்கியோன் என்கிறது. இயந்திரத்துக்கு அதில் இடமில்லை. ரீச்சரின் கதைக்கு எந்தப் பதிவும் இல்லாமலே உரிமை உண்டு, அவர் ஆயுள் முழுக்கவும் அதன்பின் 70 வருடமும். படங்களுக்கு அந்தப் பலம் இல்லை. நாளைக்கு வேறொருவர் அந்த அட்டைப் படத்தை எடுத்துத் தன் புத்தகத்தில் போட்டால், ரீச்சர் கோபப்படலாம். வழக்காடி வெல்வது கடினம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் கணினி ஆக்கிய படைப்புக்கு அதை ஆக்கக் காரணமானவரையே ஆக்கியோனாகக் கொள்கிறது. அதை வைத்து இங்கே வாதாட முடியாது.

மருமகன் கிண்டிலில் போடப்போவதாகச் சொன்னாராம். போடலாம். ஆனால் 2023 செப்டெம்பரிலிருந்து அமேசான் கேட்கிறது: எழுத்தோ படமோ மொழிபெயர்ப்போ இயந்திரம் ஆக்கியதா என்று. உண்மையைச் சொல்ல வேண்டும். அதே மாதத்தில்தான், புதிய புத்தகங்களை ஒருவர் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் ஏற்றக்கூடாது என்றும் வரம்பு வைத்தார்கள். நாளுக்கு மூன்று புத்தகமே போதாதவர்கள் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி அச்சு. ரீச்சர் எதிர்பார்க்காத செலவு இங்கேதான் இருக்கிறது.

படம் சும்மா கிடைத்ததால் புத்தகம் மலிவாகும் என்பது கணக்குப் பிழை. ஏ5 அளவில் 16 பக்கப் புத்தகத்தை ஏ2 அளவுத் தாளில் இரண்டு பக்கமும் ஓப்செற்றில் அடித்தால், கறுப்புக்கு மட்டும் 2 பிளேட் போதும். வண்ணத்துக்கு நாலு மை, ஆகவே 8 பிளேட். பிரதி முந்நூறென்றால் அந்தச் செலவு முழுதும் முந்நூறின் தலையில்தான் விழும். பளபளப்பான படத்துக்குப் பளபளப்பான கடதாசி வேறு வேண்டும். கடதாசி என்ன விலை விற்கும் என்பதை இந்த நாடு 2022 மார்ச்சில் பார்த்தது. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே கடதாசி இல்லாமல் தள்ளிப்போனது. கிரானுக்குப் பக்கத்திலேயே வாழைச்சேனையில் வைக்கோலிலிருந்து கடதாசி செய்த ஆலை இருந்தும் இந்த நிலை என்பது வேறு கதை, இன்னொரு தேத்தண்ணி வேண்டும்.

பிறகு அளவு. போன் திரையில் நிறைந்து நிற்கும் படம் கடதாசியில் நிறையாது. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். செயலிகள் பல தருகிற 1024 புள்ளிச் சதுரப் படம் அந்தக் கணக்கில் 8.7 சென்ரிமீற்றர்தான் வரும். ஏ5 பக்கத்தின் அகலம் 14.8. முழுப் பக்கத்துக்கு 1748க்கு 2480 புள்ளி தேவை, ஓரம் வெட்டுவதற்கு இன்னும் கொஞ்சம். பெரிதாக்கித் தரும் செயலிகள் இருக்கின்றன. அவை இல்லாத விவரத்தைத் தாமே நிரப்புவதால் முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும். திரையில் மின்னிய நீலமும் பச்சையும் மையில் மங்கும். எல்லாவற்றையும் அடிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துப் பார்க்காமல் அச்சகத்துக்குச் சரி சொல்லாதீர்கள். எழுத்தைப் படத்துக்குள் எழுதித் தரச்சொல்லியும் கேட்காதீர்கள். புதிய செயலிகள் முன்னைவிடப் பரவாயில்லை என்றாலும் கொம்பும் காலும் புள்ளியும் இன்னும் இடம் மாறுகின்றன. தலைப்பைப் பக்கம் அமைப்பவர் தனியாகப் போடட்டும்.

ரீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப வேணாங்கிறியா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதிரி பார்க்க நல்லது. எந்தப் பக்கத்தில் எந்தக் காட்சி, சிறுமி எங்கே நிற்க வேண்டும், கன்று எங்கே என்று ரீச்சர் மனதில் இருப்பதை ஒரு ஓவியருக்குக் காட்ட இதைவிட விரைவான வழியில்லை. ஆனால் புத்தகத்துக்குள் போகிற படம் கறுப்புக் கோட்டில் ஒரு மட்டக்களப்புக் கையால் கீறியதாக இருந்தால் மூன்று விசயம் ஒன்றாக நடக்கும்: அச்சுச் செலவு குறையும், படத்துக்கு உரிமை கிடைக்கும், எருமை எங்கள் எருமையாக இருக்கும். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. ஓவியம் படிக்கிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், கரப்புடுப்பை நேரில் பார்த்தவர்கள். கூலி கொடுக்க இப்போது கையில் ஒன்றும் இல்லையென்றால், இந்தியாவில் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள். மனிதர் கீறிய சிறுவர் படங்கள் அங்கே திறந்த உரிமத்தில் இருக்கின்றன. கீறியவரின் பெயரைப் போட்டால் எடுத்துப் பயன்படுத்தலாம். எருமை கிடைக்கும். கிரான் கிடைக்காது.

எல்லாம் யோசித்த பிறகும் இயந்திரப் படத்தையே போடுவதென்றால், உள்அட்டையில் அதைச் சொல்லிவிடுங்கள். 'படங்கள் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஆக்கப்பட்டவை' என்று ஒரு வரி. நயவுரை சொல்ல வருகிறவர் படங்களைப் பாராட்டி ஓவியர் எங்கே என்று மேடையில் தேடும் சங்கடத்தையாவது தவிர்க்கலாம். ஐஎஸ்பிஎன் இலக்கத்துக்கு அச்சுக்கு முன்பே கொழும்பிலுள்ள தேசிய நூலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பின்அட்டையில் அது இருக்க வேண்டும், பிறகு ஒட்டினால் அழகில்லை. ஓவியம் கீறப் பிள்ளையொருவரைப் பிடித்தால் கூலியை முதலிலேயே பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்து, அவரின் பெயரை உங்கள் பெயருக்குக் கீழே முன்அட்டையிலேயே போடுங்கள்.