அக்கரைச் சீமையின் பிள்ளைகள் – 7: திருக்கோவிலூர் மிஸ்ஸியம்மா

சென்ற வாரம் மார்மன் சபையின் இளம் ஊழியர்களைப் பார்த்தோம். 18 வயதில் கிளம்பும் பையன்கள் 2 ஆண்டும், பெண்கள் ஒன்றரை ஆண்டும் சபை அனுப்பும் ஊரில் இருக்க வேண்டும். எழுவது, படிப்பது, படுப்பது என எல்லாவற்றுக்கும் நேரம் குறித்திருக்கும். துணையில்லாமல் வெளியே போகக் கூடாது. 2019 வரை, பெற்றோரோடு போனில் பேச வருஷத்தில் கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று இரண்டு நாட்கள்தான் அனுமதி. பாஷை தெரியாத ஊரில் தவிக்கும் இளம் மனதுக்கு இந்த ஒழுங்கு பெரிய துணை என்று எழுதியிருந்தேன். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அனுப்பி வைத்த சபை ஒன்று சொல்ல, மனசாட்சி வேறொன்று சொன்னால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் திருக்கோவிலூருக்குப் போனால் போதும்.

எஸ்தர் ஃபேரிங் 1889இல் டென்மார்க்கில் பிறந்தவர். டேனிஷ் மிஷனரி சங்கத்தின் ஊழியராக 1916இல் இந்தியா வந்தார். கல்விப் பணிக்காக வந்த அவருக்குக் கிடைத்த ஊர் திருக்கோவிலூர். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். அன்று தென்னாற்காடு ஜில்லா. விழுப்புரம்–காட்பாடி ரயில் வந்து நிற்பது ஆற்றுக்கு அக்கரையில் அரகண்டநல்லூர்ப் பக்கம். இக்கரையில் உலகளந்த பெருமாள் கோயில், கீழையூரில் வீரட்டானேசுவரர், தென்பெண்ணையின் நடுவே கபிலர் குன்று. மழை இரவில் முன்பின் அறியாத மூன்று ஆழ்வார்கள் ஓர் இடைகழியில் நெருக்கியடித்து நின்ற கதை இந்த ஊருக்குச் சொந்தம். வந்தவரை இடம் கொடுத்து நிறுத்திக்கொள்ளும் ஊர் என்ற பெருமை இங்கே பழையது.

அந்தக் காலத்து மிஷன் காம்பவுண்டில் புதிதாக வந்தவர்களுக்கு முதல் வேலை தமிழ் படிப்பது. முன்ஷி வருவார், வேப்பமரத்தடியிலோ தாழ்வாரத்திலோ பாடம் நடக்கும், பிறகு பரீட்சையும் உண்டு. அதில் தேறினால்தான் முழுப் பொறுப்பு வரும். கல்யாணமாகாத வெள்ளைக்காரப் பெண் ஊழியரை ஊர் ‘மிஸ்ஸியம்மா’ என்று கூப்பிடும். காலை ஜெபம், பள்ளிக்கூடம், போர்டிங் பிள்ளைகளின் அரிசி பருப்புக் கணக்கு, தலைவலி காய்ச்சல், மாலை ஜெபம், விளக்கொளியில் ஊருக்கு எழுதும் கடிதம். விசுவாசம் என்றதும் நாம் பிரசங்கத்தை நினைக்கிறோம். இந்தப் பெண்களின் விசுவாசத்தில் பெரும்பகுதி அந்த அரிசிக் கணக்கில்தான் கழிந்தது. அதை நான் சின்ன வேலையாக எண்ணவில்லை.

1917 ஜனவரியில் எஸ்தர், தன்னைவிட மூத்த டேனிஷ் ஆசிரியை ஆன் மேரி பீட்டர்சனோடு கல்வி நிலையங்களைப் பார்க்கப் பயணம் புறப்பட்டார். அகமதாபாத்தில் காந்தியின் ஆசிரமத்துக்கும் போனார்கள். அப்போது அது கோச்ரப் கிராமத்தில் இருந்தது. சபர்மதிக் கரைக்கு மாறியது அந்த ஆண்டின் நடுவில்தான். காந்தியைப் பலரும் இன்னும் சரியாக அறியாத நேரம். திரும்பி வந்த எஸ்தருக்குக் காந்தியின் கடிதங்கள் வரத் தொடங்கின. சம்பாரணில் அவுரி விவசாயிகளுக்காக நின்று, வெளியேறும்படி அரசு போட்ட உத்தரவை மீறிய 1917 ஏப்ரலிலும், மோத்திஹாரியிலிருந்து அவருக்கு எழுதியிருக்கிறார். விளிப்பில் ‘எஸ்தர்’ என்று ஆரம்பித்த உறவு, போகப் போக ‘என் அருமைக் குழந்தை’ ஆயிற்று.

இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது என் மனதைத் தொடுவது ஒன்றுதான். மதம் மாறச் சொல்லும் பேச்சு எதிலும் இல்லை. கிறிஸ்துவைப் பற்றியும் பேச்சு வருகிறது. சத்தியம், அகிம்சை, விரதம், உடல்நலம் எல்லாம் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்து வரும். எஸ்தர் கடைசிவரை கிறிஸ்தவர்.

ஆனால் அது யுத்த காலம். ஜெர்மானிய மிஷனரிகளை அரசு காவலில் வைத்து நாட்டை விட்டே அனுப்பியிருந்தது. டென்மார்க் நடுநிலை நாடு என்றாலும், ஐரோப்பிய மிஷனரி எவரானாலும் அவர் அசைவை அரசு கவனித்தது. சட்டத்தை மீறும் ஒருவரோடு மிஷன் ஊழியர் ஒருவர் கடிதப் போக்குவரத்து வைத்திருப்பதை அரசு விரும்பவில்லை. அரசின் தயவில் பள்ளிகளையும் ஆஸ்பத்திரிகளையும் நடத்திய மிஷனுக்கும் அது சங்கடமாயிற்று. மறுபடி ஆசிரமம் போக விரும்பிய எஸ்தருக்குத் தடை வந்தது.

இங்கே மிஷனின் சொந்த வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். தென்னாற்காட்டில் இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர். தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே சாதி வேற்றுமையை அவரை அனுப்பிய லைப்சிக் மிஷன் பொறுத்துக்கொண்டது. ஓக்ஸால் பொறுக்க முடியவில்லை. தன்னை அனுப்பிய சங்கத்தை விட்டு வெளியேறி, 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்று தனி நிலையம் வைத்தார். பின்னர்தான் டேனிஷ் சங்கம் அவரைத் தழுவிக்கொண்டது. மனசாட்சிக்காகச் சங்கத்தை மீறிய ஒருவரின் மேல் எழுந்த மிஷன், அரை நூற்றாண்டு கழித்துத் தன் மகள் ஒருத்தியிடம் கீழ்ப்படிதலைக் கேட்டது. நிறுவனம் வளர்ந்து காக்க வேண்டிய சொத்துகள் சேர்ந்ததும் இப்படி நடப்பது புதிதில்லை. ஆனாலும் மனம் வலிக்கிறது.

எஸ்தர் அவசரப்படவில்லை. மிஷனை உதறிவிட்டு வா என்று காந்தியும் அவரைத் தூண்டவில்லை. கொடுத்த வாக்கு காந்திக்கும் பெரிது. தடை இருந்த நாட்களில் எஸ்தர் தமிழ்ப் பிள்ளைகளோடு தன் வேலையைப் பார்த்தார். 1919இல்தான் மிஷனிலிருந்து விலகினார். ஒளித்துச் செய்யாமல், சொல்லிவிட்டு வெளியேறினார். ஒரு இளம் ஊழியரின் முதிர்ச்சியை நான் இதில் காண்கிறேன்: விதிக்குள் இருக்கும்வரை விதியை மதித்தார், இனி முடியாது என்றபோது அந்த விதியால் கிடைத்த சம்பளத்தையும் பாதுகாப்பையும் சேர்த்தே விட்டுக்கொடுத்தார். இன்று 18 வயதில் பெயர்ப்பட்டையோடு கிளம்பும் மார்மன் பிள்ளைகளுக்கும், நம் ஊர்களிலிருந்து வட மாநிலங்களுக்கு ஊழியத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இந்தப் பெண்ணின் கதையைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

பிறகு போய்ச் சேர்ந்த ஆசிரமத்தில் அவருக்குப் பூமெத்தை விரிந்திருக்கவில்லை. உடம்பு படுத்தியது. சமையலறையில் கஸ்தூர்பாவோடு உரசல். 1920 தொடக்கத்தில் லாகூரில் இருந்த காந்தி, அவருக்கு அடிக்கடி எழுதிய கடிதங்களில் அரசியலைவிட அவர் சாப்பாட்டையும் மனத்தாங்கலையும் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார். தன் மனைவியின் குறையையும் அவர் மறைக்கவில்லை. உயர்ந்த லட்சியத்தோடு ஒரே கூரையின் கீழ் வந்தவர்களுக்கும் அடுப்படிச் சண்டை உண்டு என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் ஆவணம் வேறு கிடைப்பது அரிது. பிறகு குஞ்ஞி மேனன் என்ற மலையாள மருத்துவரை எஸ்தர் மணந்தார். அந்தத் திருமணமும் பழைய நண்பர்கள் பலருக்கு உவப்பாக இல்லை. எஸ்தருக்கு வந்த கடிதங்களை 1956இல் நவஜீவன் நூலாக வெளியிட்டது.

எஸ்தரோடு கோச்ரப் போய்வந்த ஆன் மேரி பீட்டர்சனும் மிஷனை விட்டு வெளியேறினார். பரங்கிப்பேட்டையில் பெண் குழந்தைகளுக்காக அவர் தொடங்கிய சேவா மந்திருக்கு 1921இல் காந்தியே வந்து அடிக்கல் நாட்டினார். தென்னாற்காட்டுக் கடலோரத்தில் ஒரு டேனிஷ் ஆசிரியை தேசியப் பள்ளி நடத்திய அந்தக் கதை அடுத்த வாரம்.