உஷார்! இந்தப் படம் வாத்தியாரைக் குறி வைக்கிறது

‘வெய்ட்டிங் ஃபார் சூப்பர்மேன்’ பார்த்தீர்களா? இல்லையென்றால் அவசியம் பாருங்கள். ஆனால் படம் முடிந்ததும் மனசுக்குள் ஒரு கோபம் கொதிக்கும். அதை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள். அந்தக் கோபம் யார் மேல் பாய வேண்டும் என்று படம் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது. 2010இல் வந்த பழைய படம்தானே என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. அமெரிக்க அரசுப் பள்ளிகளைப் பற்றி அது கிளப்பிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

எடுத்தவர் டேவிஸ் குகன்ஹைம். அல் கோரை வைத்துப் பூமி சூடாவதைப் பற்றிப் படமெடுத்து ஆஸ்கர் மேடை ஏறியவர். தொழில் தெரிந்த கை. வாஷிங்டன், லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டி என்று ஐந்து பிள்ளைகளைப் பின்தொடர்கிறார். ஐவருக்கும் சார்ட்டர் பள்ளியில் இடம் வேண்டும். சார்ட்டர் என்றால் அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி. சில பத்து இடங்களுக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம். அதனால் குலுக்கல். கூண்டுக்குள் பந்துகள் உருள, எண் எண்ணாகக் கூப்பிடக் கூப்பிட, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கையிலுள்ள சீட்டையே பார்க்கும் தாய்மார்களின் முகத்தைக் காட்டுகிறார்கள். யாருக்குத்தான் நெஞ்சு அடைக்காது? சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது கிடைத்ததில் வியப்பில்லை.

கண்ணீர் வந்ததில் தப்பில்லை. அந்தக் கண்ணீரோடு சேர்த்து நம் கையில் என்ன திணிக்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ‘பிள்ளையின் படிப்புக்கு நல்ல ஆசிரியரைவிட முக்கியமானது எதுவுமில்லை’ என்று படம் ஆரம்பிக்கிறது. கேட்கவே இனிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அதே பேச்சு, ‘அப்படியானால் பிள்ளை படிக்காததற்கு ஆசிரியரே காரணம், அவரை வெளியேற்ற விடாத சங்கமே எதிரி’ என்று திரும்பிவிடுகிறது. பாராட்டும் சாக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாயிற்று.

ஆதாரம் காட்டவில்லையா என்றால், காட்டுகிறார்கள். ஒழுங்கு நடவடிக்கை விசாரணைக்காகக் காத்திருக்கும் நியூயார்க் ஆசிரியர்கள், வகுப்பே எடுக்காமல் முழுச் சம்பளத்தோடு ஓர் அறையில் தலை கவிழ்த்துத் தூங்குகிறார்கள். அது நிஜம், வெட்கக்கேடும்கூட. ஆனால் அந்த அறைகளை மூட நகர நிர்வாகமும் ஆசிரியர் சங்கமும் 2010 ஏப்ரலிலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டன. படம் திரைக்கு வந்ததோ செப்டம்பரில்.

இன்னொரு காட்சிக்கு வருவோம். என்னை உலுக்கியது அதுதான். நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு சிறுமி. பள்ளியில் பட்டமளிப்பு நாள். அம்மாவால் கட்டணம் கட்ட முடியவில்லை என்பதற்காக அவளை விழாவுக்குள் விடவில்லை. வீடு பள்ளிக்கு எதிரிலேயே இருக்கிறது. கூடப் படித்த பிள்ளைகள் உள்ளே போவதை அவள் தன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கிறவர் வயிறு எரியும். எரியட்டும், ஆனால் அந்தப் பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது எந்தப் பள்ளி? கட்டணம் வாங்கும் கத்தோலிக்கப் பள்ளி! அரசுப் பள்ளிகளின் தோல்வியைச் சொல்ல வந்த படத்தின் ஆகக் கொடுமையான காட்சி நடப்பது அரசுப் பள்ளியில் அல்ல. படம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த குலுக்கலுக்குப் போய்விடுகிறது.

ஒரு தாய் சார்ட்டர் பள்ளியைச் சுற்றிப்பார்த்து ஆசையோடு பேசும் காட்சியும் உண்டு. தன் பிள்ளைக்குக் குலுக்கலில் இடம் விழவில்லை என்று அவருக்குத் தெரிந்த பிறகு எடுத்த காட்சி அது. படத்தில் அது குலுக்கலுக்கு முன்னால் வருகிறது. பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்துக் கேட்டபோது இயக்குநர் ஒப்புக்கொண்டார்.

சரி, அந்தச் சார்ட்டர் பள்ளிகள் எப்படி? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் 2009இல், அதாவது படத்துக்கு ஓராண்டு முன்பே, கணக்கெடுத்துச் சொன்னது. அரசுப் பள்ளிகளைவிட நன்றாகச் செய்தவை 17 சதவீதம். மோசமாகச் செய்தவை 37 சதவீதம். மீதியில் பெரிய வித்தியாசமில்லை. அதே மையத்தின் 2023 அறிக்கையில் சார்ட்டர் பிள்ளைகள் சராசரியில் கொஞ்சம் முந்தியிருப்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சந்தோஷமாக ஒத்துக்கொள்வோம். ஆனால் 2010இல் படம் பார்த்தவர்களுக்கு, ஐந்தில் ஒன்றுகூடத் தேறாத ஒரு வழி சொர்க்க வாசலாகக் காட்டப்பட்டது.

படத்தின் நாயகர்களில் ஒருவரான ஜெஃப்ரி கனடா ஹார்லெமில் அப்போது நடத்திய அமைப்பு, பிள்ளை பிறக்கும் முன்பே பெற்றோருக்கு வகுப்பெடுக்கிறது. மருத்துவம், பாலர் பள்ளி எல்லாம் கொடுக்கிறது. வால் ஸ்ட்ரீட் செல்வந்தர்களின் நன்கொடை கொட்டுகிறது. வாஷிங்டன் சிறுவன் போக ஆசைப்படும் சீட் பள்ளி ஒரு விடுதிப் பள்ளி. அதில் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 35,000 டாலர் செலவாவதாகக் கல்வி வரலாற்றாசிரியர் டயான் ராவிட்ச் அப்போதே எழுதினார். சோறு, படுக்கை, வைத்தியம், பணம் என்று இத்தனையும் சேர்ந்து செய்ததை ஆசிரியர் ஒருவர் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு, அது எதுவும் இல்லாத பள்ளியின் ஆசிரியரைப் பார்த்து உன்னால் ஏன் முடியவில்லை என்று கேட்பது அநியாயம் இல்லையா? மாணவர்களின் தேர்வு மதிப்பெண் ஏறி இறங்குவதில் ஆசிரியருக்கு உள்ள பங்கு 1 முதல் 14 சதவீதம்தான் என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் கணக்கு என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் சொன்னது. ஆசிரியர் முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. மதிப்பெண்ணை வைத்து அவரை நிறுக்க முடியாது என்றே அர்த்தம்.

நிறுத்துப் பார்த்தார்கள். படத்தில் துணிச்சல்காரராக வரும் மிஷெல் ரீ, வாஷிங்டன் பள்ளிகளின் அப்போதைய தலைமை நிர்வாகி. 2010 ஜூலையில் ஒரே அறிவிப்பில் 241 ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் சுமார் 6,000 ஆசிரியர்களை மாணவர் மதிப்பெண்ணால் தரம் பிரித்துப் பெயரோடு வெளியிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தொடங்கி யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ள முடிந்தது. அட்லாண்டாவில் நடந்தது அதைவிடப் பயங்கரம். மதிப்பெண் ஏறாவிட்டால் வேலை போகும் என்ற பயத்தில் ஆசிரியர்களே விடைத்தாளைத் திருத்தி எழுதினார்கள். 2011இல் வந்த மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 பேரைக் குறிப்பிட்டது. இதில் ஏமாந்தது யார்? எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமலேயே ‘பாஸ்’ ஆன குழந்தைகள்.

படத்தில் வந்து பேசும் பில் கேட்ஸின் அறக்கட்டளையும் இதே வழியைச் சோதித்தது. ஆசிரியர்களை அளந்து, நல்லவருக்கு ஊக்கத்தொகை கொடுத்து, மற்றவரைக் கழிக்கும் திட்டம். பிறர் பணமும் சேர்ந்து சுமார் 57.5 கோடி டாலர். ராண்ட் நிறுவனம் 2018இல் ஆராய்ந்து பார்த்தது. பிள்ளைகளின் படிப்பில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை என்பதே முடிவு.

இந்தப் படத்துக்குள்ளேயே ஆசிரியரின் மதிப்பு என்னவென்று சொல்லும் ஒரு பெண்மணி வருகிறார், ஹாரியட் பால். ஹூஸ்டன் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வாய்ப்பாட்டைத் தாளம் போட்டு, பாட்டாக்கி, பிள்ளைகளைக் கைதட்டிக் கத்த வைத்துச் சொல்லிக்கொடுத்தவர். 1990களின் தொடக்கத்தில் வகுப்பைச் சமாளிக்கத் தெரியாமல் திணறிய இரண்டு இளம் ஆசிரியர்கள் அவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அந்த இருவரும் 1994இல் தொடங்கியதுதான் இன்று அமெரிக்கா முழுக்கப் பரவியிருக்கும் கிப் சார்ட்டர் பள்ளிகள். பாருங்கள், சார்ட்டர் பள்ளிகளின் பெருமைக்குரிய வித்தையே ஓர் அரசுப் பள்ளி வகுப்பறையில், அனுபவசாலி ஒருவரிடமிருந்து வந்தது! படம் இந்த இடத்தில் நின்றிருந்தால் வேறு படமாகியிருக்கும். பழைய ஆசிரியரைத் தக்கவைத்து, அவர் பக்கத்தில் புதியவரை உட்காரவைக்க எவ்வளவு நேரமும் பணமும் ஒதுக்குகிறோம் என்று கேட்டிருக்கும்.

இப்போது ஏன் இத்தனை பதற்றம் என்கிறீர்களா? சார்ட்டரையும் தாண்டி விஷயம் வவுச்சருக்கு வந்துவிட்டது. அரசுப் பணத்தைப் பெற்றோர் கையில் கொடுத்துத் தனியார் பள்ளிக்குப் போகச் சொல்லும் திட்டம். அரிசோனா 2022இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டது. டெக்சாஸ் 2025இல் 100 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் போட்டது. ‘அரசுப் பள்ளி தோற்றுவிட்டது, பெற்றோருக்குத் தேர்வுரிமை வேண்டும்’ என்ற அதே வசனம்தான். ஆனால் தனியார் பள்ளிகளின் சேர்க்கையில் குலுக்கல்கூடக் கிடையாது. பிள்ளையைச் சேர்ப்பதும் மறுப்பதும் பெரும்பாலும் பள்ளியின் இஷ்டம். கட்டண பாக்கிக்காக ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தினால் கேட்க நாதியில்லை.

டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் பே ஏரியாவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு இது நேரடிச் செய்தி. வீடு பார்க்கும்போதே பள்ளியின் ரேட்டிங் 9ஆ 10ஆ என்று பார்ப்பவர்கள் நாம். அந்த எண்ணில் பெரும்பங்கு தேர்வு மதிப்பெண்தான். அதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் வட்டாரப் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போங்கள், பேச நேரம் தருவார்கள். போன ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனார்கள், ஏன் போனார்கள், புதிதாக வந்தவருக்கு முதல் ஆண்டில் உடன் நின்று சொல்லிக்கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு இன்னும் நாலு பெற்றோரை அழைத்துக்கொண்டு போங்கள்.