எட்டு ஜிபி லேப்டாப்பில் எஸ்.ஏ.பி. ஓடுமா மக்ளே?

‘எஸ்.ஏ.பி. படிச்சா வேலை கன்ஃபார்ம்லே!’ குளச்சல் டு நாகர்கோவில் பஸ்ஸில் நாலு ஃபைனல் இயர் பசங்க சேர்ந்தால் இந்த டயலாக் வராமல் இருக்காது. கோர்ஸ் ஃபீஸைக் கேட்டால்தான் தலை சுத்தும். கடலுக்குப் போய்ட்டு வந்து அசந்து படுத்திருக்கிற அப்பாகிட்ட அந்தத் தொகையை எப்படிக் கேட்பது? அப்போதான் ஐடியா உதிக்கும்: ‘வீட்டு லேப்டாப்பிலேயே விர்ச்சுவல் மெஷின் போட்டுப் படிச்சா என்ன?’

ஐடியா சூப்பர். லேப்டாப் தாங்குமா என்பதுதான் மேட்டர்.

விர்ச்சுவல் மெஷின் என்பது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிற மாதிரி. சாஃப்ட்வேருக்குச் செலவே இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பரில் இருந்து எல்லோருக்கும் ஃப்ரீ. ஆனால் மாடிக்காரருக்குக் கொடுத்த ரேம் அவருக்குத்தான். அவர் காலி பண்ணும்வரை உங்களுக்குக் கிடைக்காது.

2011-ல் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் 2 ஜிபி ரேம். காலேஜ் மாணவர்களுக்காக 2025-ல் எல்காட் விட்ட டெண்டரில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. நம்மில் பலர் கையில் இருப்பதும் இந்த ரகம்தான். கணக்குப் போடுங்க: விண்டோஸ் 11 சும்மா நின்றாலே 3 ஜிபிக்கு மேல் தின்னும். பிரவுசர் ஒரு ஜிபி. மாடிக்கு மிஞ்சுவது 4 ஜிபிகூட இல்லை.

எஸ்.ஏ.பி. டெவலப்பர்களுக்கு இலவசமாகத் தந்த நெட்வீவர் 7.52-க்குக் குறைந்தது 8 ஜிபி ரேம், அதுபோக 8 ஜிபி ஸ்வாப், 100 ஜிபி காலி இடம் வேண்டும். அடுத்து ஹானாவோடு வந்த ஏபாப் டிரயலுக்கோ குறைந்தது 16 ஜிபி ரேம், 150 ஜிபி டிஸ்க். ஹானா என்பது டேட்டாவை ரேமிலேயே வைத்து வேலை பார்க்கிற டேட்டாபேஸ், அதான் இந்த அகோரப் பசி! மைக்ரோசாஃப்ட் மட்டும் என்ன, ஷேர்பாயின்ட் 2019-ஐ ஒரே சர்வரில் போட்டுப் பார்க்கவே 16 ஜிபி, 4 கோர் கேட்கிறது. 8 ஜிபி மெஷினில் இதையெல்லாம் ஏற்றினால் லாகின் ஸ்க்ரீன் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துடலாம்.

அதுக்காக லேப்டாப்பை மூட்டை கட்ட வேண்டாம். ஆரக்கிளின் இலவச டேட்டாபேஸ் 2 ஜிபி ரேம், 2 த்ரெட்டுக்கு மேல் எடுக்காது. டேட்டாவுக்கு 12 ஜிபி வரை இடம். பிரவுசரை மூடிவிட்டு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினில் போட்டால் ஓடும். எஸ்.க்யூ.எல்.-ல் கை பழக இது தாராளம். எஸ்.ஏ.பி.யேதான் வேணும் என்று அடம்பிடிப்பவர்கள் அவர்களின் கிளவுட் டிரயலில் ஏபாப் எழுதலாம். சர்வர் அவங்க தலையில், நம்ம பக்கம் எக்லிப்ஸ் மட்டும் இருந்தால் போதும்.

புதுசா வாங்குகிறவர்களா? கடைக்காரர் ‘ஐ7 எடுங்க, கிராஃபிக்ஸ் கார்டு எடுங்க’ என்பார். தலையாட்டாதீங்க. நம்ம வேலைக்குச் சாதாரண 4 கோர் ப்ராசஸர் போதும். காசை ரேமில் போடுங்க. ‘ரேம் ஸ்லாட் காலியா இருக்கா, இல்ல போர்டோட ஒட்டிட்டாங்களா?’ என்று கேளுங்க. ஒட்டியிருந்தால் பின்னால் ஒரு ஜிபிகூட ஏற்ற முடியாது. 16 ஜிபி இருந்தால் நெட்வீவர் 7.52 வரை தைரியமாக இறங்கலாம், ஹானாவுக்கு 32 பாருங்க. டிஸ்க் 512 ஜிபி எஸ்.எஸ்.டி. பழைய ஹார்டு டிஸ்க்கில் விர்ச்சுவல் மெஷின் போடுவது தண்டனை.

அப்புறம் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய், ‘விர்ச்சுவலைசேஷன்’ எனேபிள் ஆகியிருக்கா பாருங்க. இல்லையென்றால் பயாஸில் போய் ஆன் பண்ணணும். இன்டெலில் வி.டி.-எக்ஸ், ஏ.எம்.டி.யில் எஸ்.வி.எம். என்று பெயர் இருக்கும். இதையும் மீறி ஆமை வேகமா? விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் அடியில் பாருங்க, நிஜமாகவே ஒரு பச்சை ஆமை உட்கார்ந்திருக்கும். விண்டோஸின் ஹைப்பர்-வி ஏற்கெனவே ப்ராசஸரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதன் அடையாளம் அது.

எதை இன்ஸ்டால் பண்ணும் முன்னாலும் ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்துக்கோங்க. சொதப்பினால் ஒரே க்ளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். வேலை முடிஞ்சதும் மறக்காமல் அழிச்சுடுங்க, 256 ஜிபியில் அதுவும் இடம் பிடிக்கும்.