பார்வர்ட் மெசேஜ் வந்தது, அரசு ஆவணம் வரவில்லை!

இன்டர்நெட் வந்துவிட்டால் எல்லாருக்கும் எல்லாத் தகவலும் கிடைக்கும், மக்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள் என்று சொல்லப்பட்டது. அது எந்த அளவுக்கு உண்மை? காவிரி டெல்டாவில் 2020ல் நடந்ததைப் பார்ப்போம்.

மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்ற சொற்கள் தஞ்சைப் பகுதிக்குப் புதியவை அல்ல. மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசி வந்த நம்மாழ்வார், அந்தப் பயணத்தின்போதே 2013 டிசம்பர் 30ல் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2017ல் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயில் எண்ணெய் கசிந்து, பெரும் போராட்டம் நடந்தது.

2020 ஜனவரியில் மத்திய அரசு, எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என விதியை மாற்றியது. அடுத்த மாதமே தமிழகச் சட்டசபையில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. ஆனால் ஏற்கனவே நடந்து வரும் பணிகளை அது நிறுத்தவில்லை.

60 நாள் அவகாசம்

பிறகு வந்தது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை. கருத்துக் கேட்புக்கு முன் மக்களுக்குத் தரப்படும் 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைப்பது அதிலிருந்த யோசனைகளில் ஒன்று. 2020 ஏப்ரல் 11ல், ஊரடங்கு நடுவே, அரசிதழில் வெளியானது. 60 நாட்களுக்குள் கருத்து சொல்லலாம், இ-மெயிலிலும் அனுப்பலாம் என்றார்கள்.

ஆனால் வரைவு இருந்தது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. பிறகு அவகாசம் ஜூன் 30 வரை நீண்டது. ஜூன் 12ல் மேட்டூர் அணை திறந்து, டெல்டாவில் குறுவை வேலை மும்முரமாக இருந்த நேரம் அது. ஜூன் 30ல் டில்லி உயர் நீதிமன்றம், 22 மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிடச் சொல்லி, அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. மத்திய அரசு இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது.

லட்சக்கணக்கான கருத்துக்கள் குவிந்தன. ஆனால் ஆங்கிலமும் இ-மெயிலும் கைவந்தவருக்கு ஒரு கிளிக்கில் முடியும் வேலை, நடவுக்குப் போகும் பெண்ணுக்கு எட்டாத வேலை. நிலமும் கூலியும் யாருக்குப் போகுமோ, அவர் குரல்தான் அதில் குறைவாக இருந்திருக்கும்.

காலி இடத்தை நிரப்புவது யார்?

மூல ஆவணம் புரியாதபோது அந்த இடத்திற்குப் பிரச்சாரம் வந்துவிடுகிறது. “ஊருக்கே வேலை கிடைக்கும்” என்று ஒரு மெசேஜ். “அடுத்த வருடமே பாலைவனம்” என்று இன்னொன்று. எதிர்ப்பவன் தேசத்துரோகி, ஆதரிப்பவன் விலைபோனவன் என்று ஆகிவிட்டால் எத்தனை கிணறு, எத்தனை அடி ஆழம், கழிவு நீர் எங்கே போகும் என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. வாட்ஸ்அப் 2018ல் இந்தியாவில் ஒரு முறைக்கு ஐந்து பேருக்கு மேல் பார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. வேகம் குறையும், ஆனால் படிக்க ஆவணம் கிடைத்துவிடாதே!

நீங்கள் செய்யக்கூடியவை

1. மெசேஜில் படம் இருந்தால் கூகுள் லென்ஸில் கொடுத்துப் பாருங்கள். வேறு நாட்டு, பழைய படம் என்றால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

2. திட்டத்தின் பெயரை மத்திய அரசின் பரிவேஷ் வெப்சைட்டில் தேடுங்கள். பி.டி.எப். பைலை டவுண்லோட் செய்து கொள்ளுங்கள்.

3. மெஷின் மொழிபெயர்ப்பை முதல் வரைவாக மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு “கூடாது” விடுபட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடும். எண்களையும் தேதிகளையும் மூலத்துடன் ஒப்பிடுங்கள்.

4. இரண்டு பக்கத்தில் தமிழில் சுருக்கி, பிரிண்ட் எடுத்து, கிராம சபையில் வாசியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். போன் இல்லாதவரும் அங்கே கேள்வி கேட்கலாம்.

2023ல் தஞ்சை மாவட்டம் வடசேரி உட்பட மூன்று டெல்டா பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. எதிர்ப்பு எழுந்ததும், நீக்கப்பட்டதாக மத்திய அமைச்சர் ஏப்ரல் 8ல் டுவிட்டரில் அறிவித்தார். முடிவு நல்லதுதான். ஆனால் அடுத்த பட்டியல் வரும்போது அதைத் தமிழில் படித்துச் சொல்ல ஊருக்கு ஒருவர் வேண்டும். உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாமே!