ரதி பற்றிய கை

மாசி மாதத்து மூன்றாம் பிறை கண்டு காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியபின், இலங்கையில் கொஸ்லந்த முதலிய ஊவா மலைத் தோட்டங்களின் லயத்துப் பிள்ளைகளுக்கு ரதியும் மதனும் வெறும் புராண பாத்திரங்கள் அல்லர். பகலெல்லாம் மலையில் வேலை செய்த மாமன் மச்சான்மாரே இரவில் அரிதாரம் பூசி, தப்பின் அடிக்கு ஆடிவந்து, அந்தத் தம்பதிகளாகிவிடுகிறார்கள். ரதி வேடத்தையும் ஆண்மகனே கட்டுவது வழக்கம்.

சிவனுடைய தவத்தைக் கலைக்க மதனை அழைத்துப்போகத் தேவர்களின் தூதன் வந்து நிற்க, போகவேண்டாமென்று ரதி மன்றாடுகின்ற கட்டமே கூத்தின் ஜீவன் என்பேன். மதனுடைய முன்கால் புறப்பட்டுவிட்டது. கரும்பு வில்லும் அத்திசையையே காட்டுகிறது. இடுப்புக்கு மேலோ உடல் முறுகி, முகம் மனைவியை விட்டு அகல மறுக்கிறது.

பிற்காலத்தார் பரோக் என்று பெயரிட்ட 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலை பெரிதும் விரும்பிய நிலை இதுவே. ரூபன்ஸ் (1577–1640) தம் இறுதிக் காலத்தில் தீட்டிய, இன்று நியூயோர்க் மெட்ரோபாலிடன் அரும்பொருட்சாலையிலுள்ள சித்திரத்தில், காட்டுப்பன்றியால் மடியப்போகும் அடோனிஸ் வேட்டைக்குக் கிளம்புகிறான். வீனஸ் அவன் கையைப் பற்ற, சிறகுடைய பாலகன் கியூபிட் காலைக் கட்டிக்கொள்கிறான். அக்குழந்தை அவர்களுடைய மன்மதன்! நம் கதையில் சிவனால் எரியப்போகிறவன், அங்கே போகிறவனைத் தடுத்து நிற்கிறான்.

இத்தகைய சித்திரங்களைத் தீட்டுமுன் ஓவியர்கள் உயிருள்ள மனிதரை நிறுத்திவைத்துத் தாளில் வரைந்து பார்ப்பார்கள். உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதே முதற் கேள்வி. பாரம் ஏந்திய காலின் பக்கத்து இடுப்பு உயர, அதற்கு ஈடாக அப்பக்கத்துத் தோள் தாழும். 1597ஆம் ஆண்டளவில் ரோமாபுரியின் பார்னேசே மாளிகை விதானத்தில் தேவர்களின் காதற் கதைகளை எழுதத் தொடங்கிய அன்னிபாலே கராச்சி, அவற்றுக்கான உருவங்களை நீலச்சாயல் கொண்ட தாளில் வரைந்தார். கறுப்புச் சுண்ணக்கட்டியால் நிழலையும், வெண்கட்டியால் ஒளி விழும் மேட்டையும் இட்டால் போதும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிறத்தைத் தாளே கொடுத்துவிட, தோளும் தொடையும் புடைத்து எழும்.

கூத்து நடக்கும் பொட்டலில் அந்த வேலையை விளக்கொளி செய்கிறது. ஒரு பக்கத்து வெளிச்சத்தில் மதனுடைய பாதி முகம் துலங்க, மறுபாதி இருளில் கரைய, தப்பின் அடி விரைகிறது. மணிக்கட்டைப் பற்றிய ரதியின் விரல்கள் ஒவ்வொன்றாய் நழுவுகின்றன. அவன் உடலின் பாரம் பின்காலை விட்டு முன்காலுக்கு மாறுகிறது.