ஊராரும் பட்டணத்தாரும்

'சுத்தப் பட்டிக்காடு!' என்று ஒருவரைச் சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது. 'பட்டணத்துப் பேர்வழி' என்றால் அவ்வளவு கோபம் வருவதில்லை. உள்ளூரச் சற்றுப் பெருமைகூட உண்டாகலாம். ஆடு மாடுகளை அடைக்கும் இடத்துக்கும் பட்டி என்று பெயர். சிற்றூருக்கும் பட்டி என்று பெயர். கோவில்பட்டியும் உசிலம்பட்டியும் அந்தப் பெயரைத் தாங்கியே பெரிய ஊர்களாகிவிட்டன. அந்தச் சொல்லில் வைவதற்கு என்ன இருக்கிறது?

இந்த வியாதி நமக்கு மட்டும் உரியதன்று. லத்தீன் பாஷையில் 'வில்லா' என்றால் நாட்டுப்புறத்துப் பண்ணை வீடு. அந்தப் பண்ணையைச் சேர்ந்து உழைத்தவனுக்கு ஏற்பட்ட பெயர்தான் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து சேர்ந்து, அயோக்கியன் என்று பொருள் மாறி, கடைசியில் நம் சினிமாவில் 'வில்லன்' ஆயிற்று. பட்டணத்திலிருந்து மோட்டாரில் வந்திறங்கி, கிராமத்துப் பெண்ணை ஏமாற்றும் ஆசாமிக்கு ஓர் ஏழைக் குடியானவனின் பெயரைச் சூட்டியிருக்கிறோம்!

வடமொழியிலும் இதே கதைதான். நகரத்திலிருந்து 'நாகரிகம்' பிறந்தது. கிராமத்திலிருந்து பிறந்த 'கிராமியம்' என்பதையோ அலங்கார சாஸ்திரக்காரர்கள் காவியத்துக்குரிய குற்றங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் வள்ளுவர் நாகரிகம் என்ற சொல்லை எந்த அதிகாரத்தில் வைத்தார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 'கண்ணோட்டம்' என்ற அதிகாரத்தில் வைத்தார். பழகியவர்களிடம் காட்டும் தாட்சண்யமே அங்கே நாகரிகம். வசிக்கும் இடத்தைப் பற்றியோ, உடுக்கும் உடையைப் பற்றியோ அங்கே பேச்சே இல்லை.

சங்கப் புலவர்களும் மனிதனை நிலத்தை வைத்தே அழைத்தார்கள். மலை நாட்டுத் தலைவன் வெற்பன், சிலம்பன். கடற்கரைத் தலைவன் சேர்ப்பன், துறைவன். வயலும் பொய்கையும் சூழ்ந்த மருத நிலத்துத் தலைவன் ஊரன். பரத்தையிடம் போய் வந்த ஊரனைத் தலைவி கோபித்துக் கொள்வதுண்டு. அது அவன் நடத்தைக்காக; ஊரான் என்பதற்காக அல்ல. 'நகர்' என்ற சொல்லோ அந்நாளில் பெரிய மாளிகையையும் கோயிலையும்கூடக் குறித்தது.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஊரார், நகரத்தார், நாட்டார் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. உழவூரின் காரியங்களைப் பார்த்த சபையினர் ஊரார். வர்த்தகர் சபையினர் நகரத்தார். பல ஊர்கள் சேர்ந்த நாட்டின் சபையினர் நாட்டார். செட்டிநாட்டில் வாழும் தன வைசியர்கள் இன்றும் தங்களை நகரத்தார் என்றே சொல்லிக் கொள்கிறார்கள். அவர்களுடைய மாளிகைகள் பெரும்பாலும் நிற்பது கிராமங்களில்!

இக்காலத்து சர்க்காருக்கோ வேறு அளவுகோல் இருக்கிறது. நகராட்சி முதலிய அந்தஸ்து இல்லாத ஓர் ஊரும் 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் நகரமாகலாம். அதற்கு 5,000 பேராவது இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். உழைக்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். பெண்கள் எத்தனை பேர் நாற்று நட்டாலும் கணக்கில் சேர்த்தி இல்லை! அந்தக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள்.

ஆயினும், பட்டிக்காட்டுக்கும் பட்டணத்துக்கும் உள்ள பேதத்தைவிடக் கொடியது ஒன்று கிராமத்துக்குள்ளேயே இருக்கிறது. மேலே சொன்ன சபையில் ஊரார் என்பவர் ஊரில் வசித்த எல்லாரும் அல்லர், நிலம் உடையவர்களே. ராஜராஜ சோழனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு என்று பிரித்தே சொல்கின்றன. இத்தனைக்கும் 'சேரி' என்பது ஜனங்கள் சேர்ந்து வாழும் இடம் என்ற பொதுச் சொல். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் வாழ்ந்த அவ்வூரின் பகுதிகளே பன்னிரண்டு சேரிகளாகக் கூறப்படுகின்றன. புதுச்சேரி, வேளச்சேரி என்னும் பெயர்களை இன்றும் யாரும் கூசாமல் சொல்கிறோம். தனியே 'சேரி' என்றால் மட்டும் குரல் மாறிவிடுகிறது.

அந்தக் குரலுக்குப் பரிகாரமாகவோ என்னவோ, சேரிக்குக் 'காலனி' என்ற பெயர் வந்தது. சென்னையில் காலனி என்றால் உத்தியோகஸ்தர்கள் வீடு கட்டிக் கொண்டு வாழும் இடம். மயிலாப்பூர்ப் பக்கம் அதற்கு மதிப்பு அதிகம். கிராமத்திலோ 'காலனிக்காரர்' என்று சொன்ன மாத்திரத்தில் ஜாதி தெரிந்து விடுகிறது. 2025 ஏப்ரலில் அரசாங்க ஆவணங்களிலிருந்து இச்சொல் நீக்கப்படும் என்று சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல காரியந்தான். ஆனால் பெயரை மாற்றுவது சர்க்காரால் ஆகும். குரலை மாற்றுவது நம் வீடுகளில்தான் ஆக வேண்டும். திருவிழா நோட்டீஸின் அடியில் 'இங்ஙனம், ஊர்ப் பொதுமக்கள்' என்று அச்சிடுகிறோமே, அந்தப் பொதுமக்களில் காலனியிலிருந்து எத்தனை பேரிடம் வரி வாங்கினார்கள், எத்தனை தெருக்களுக்குள் தேர் போயிற்று என்று அடுத்த திருவிழாவில் நேயர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.